விமானத்தை மறித்த தெப்பம்

இந்த வருஷம் தெப்பம் வேண்டாம் என்று எர்மெலிண்டா கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிப் பார்த்தாள். ஈஸ்டருக்குப் பிறகு உருப்படியாக ஒரு மழை இல்லை. மலையில் பைன் சருகு காலடியில் அப்பளமாய் நொறுங்கியது. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி ஊர் மொத்தமும் அணைக்கரையில் கூடியிருக்கும்போது எங்காவது தீப்பிடித்தால் யாரைப் பிடித்து எங்கே ஓட்டுவது என்று கேட்டாள். சர்னடேலா ஊராட்சிக்கு அவள்தான் தலைவி. ஆனால் திருவிழாக் கமிட்டிக்குத் தலைவன் அவள் கணவனின் தம்பி அதெரிட்டோ. பிரான்ஸில் லியோன் நகரத்தில் கட்டட வேலை பார்க்கிறவன். ஆகஸ்டில் மட்டும் ஊருக்கு வருவான். மற்ற மாதங்களில் கூட்டம் நடந்தால், ஒயின் பாட்டிலில் சாய்த்து வைத்த கைபேசியின் உள்ளிருந்து தலைமை தாங்குவான்.

"மாதா வருஷத்துக்கு ஒரு தடவைதான் தண்ணியில இறங்குறா. அதையும் தடுத்தா நல்லாவா இருக்கும், அண்ணி?" என்று கைபேசிக்குள்ளிருந்து கேட்டான்.

கூட்டம் கைதட்டியது. எர்மெலிண்டா தோற்றுப்போனாள்.

தெப்பத்துக்கான மொத்தச் செலவும் அவனுடையது என்பதால் அதற்கு மேல் பேச வழியில்லாமல் போயிற்று. பழைய தெப்பம் நாலு பலகையும் கயிறுமாக இருந்தது. போன வருஷத் திருவிழா இரவில் குடித்துவிட்டிருந்த இளவட்டங்கள் கயிற்றை அவிழ்த்து அதை எங்கேயோ இழுத்துப் போக, மறுநாள் காலையில் மாதா நாணல் புதரில் முகம் குப்புறக் கிடந்தாள். அந்த அவமானம் இனி நடக்கக்கூடாது என்று அதெரிட்டோ இந்த முறை கனத்த தூலம், பிளாஸ்டிக் பீப்பாய், இரும்பு போல்ட்டு என்று பாலம் கட்டுகிற மாதிரி கட்டியிருந்தான். ஏரியின் அடியில் இரண்டு கான்கிரீட் கட்டி. அதிலிருந்து மேலே வரும் லாரிச் சங்கிலி. சங்கிலியில் பெரிய பூட்டு. நடு ஏரியில், வெள்ளைத் துணியும் காகிதப் பூவும் சுற்றி, மாதா சுரூபம் நின்றது. சாயங்காலம் சாமியார் வந்து மந்திரிக்க வேண்டியதுதான் பாக்கி. ஏழு பங்குக் கோயில்களுக்கும் ஒரே சாமியார் என்பதால் அவர் இன்னும் மூன்றாவது ஊரில்தான் இருந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், வழியை மறித்து நிறுத்தியிருந்த ஐஸ்கிரீம் வண்டிக்காரனோடு எர்மெலிண்டா மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோது மலைக்குப் பின்னால் புகை எழுந்தது. வெள்ளையாகத்தான் தொடங்கியது. அவள் திரும்பிப் பார்த்து மறுபடி பார்ப்பதற்குள் அடியில் செம்பழுப்பு ஏறிவிட்டது. கைபேசி அடித்தது. தன்னார்வத் தீயணைப்புப் படையின் கமாண்டர் வால்டெமார். தோனா என்று மரியாதை சேர்த்துத்தான் அவளைக் கூப்பிடுவார்.

"தோனா எர்மெலிண்டா, எங்க இருக்கீங்க?"

"அணைக்கரையில. புகை தெரியுது. எவ்வளவு கிட்ட?"

"மலைமுகட்டத் தாண்டிருச்சு. காத்து உங்க பக்கம் அடிக்குது. ரெண்டு சின்ன விமானம் வருது, ஏரியில தண்ணி மொள்ளும். தண்ணியில ஒரு தலை தெரியக்கூடாது. ஒரு வாத்து கூட நீந்தக்கூடாது. புரியுதா?"

"போலீஸ்?"

"எல்லாரும் ரோட்டை மறிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. உங்களால ஆகுமா ஆகாதா?"

ஆகாது என்று சொல்ல யாரால் முடியும்? பாட்டுக் கச்சேரி மேடையிலிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள். அவள் கணவன் அபிலியோ படையின் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு போனவன் இப்போது அந்தப் புகைக்குள்தான் எங்கோ இருப்பான் என்பதை அவள் நினைக்காமலிருக்கப் பார்த்தாள்.

"எல்லாரும் தண்ணியை விட்டு வெளிய வாங்க! விமானம் இறங்கப் போகுது! வெளிய வாங்க!"

ஜனங்கள் வெளியே வருவதற்கு முன் காரணம் கேட்டார்கள். காற்று மெத்தையில் மிதந்த ஒருத்தி, "இப்பதான் உள்ள போனேன்" என்றாள். மிதிபடகு வாடகைக்கு எடுத்த ஒரு ஜோடிக்கு இன்னும் பாதி நேரம் பாக்கி. அதை நாளைக்குத் தருவீர்களா என்று படகுக்காரனிடம் கரைக்கு வராமலேயே பேரம் பேசினார்கள். பாறைமேல் நின்ற ஒரு இளைஞன், விமானம் வருவதைப் படம் பிடிக்க நடு ஏரிதான் தோதான இடம் என்று நீந்தத் தொடங்கினான். அவனுக்கு எர்மெலிண்டா ஒலிபெருக்கியில் கொடுத்த வசவைக் கேட்டு, கரையில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஆனால் பையன் திரும்பிவிட்டான்.

இதெல்லாம் போதாதென்று, பிரான்ஸிலிருந்து வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்த மோட்டார் படகில் அதெரிட்டோ ஏரி முழுக்க வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். வெள்ளைத் தொப்பி, வாயில் விசில். காலி செய்ய வேண்டிய தண்ணீரில் போக்குவரத்துப் போலீஸ்காரனாகத் தன்னைத்தானே நியமித்துக்கொண்டிருந்தான்.

"நீயும் வெளிய வாடா!"

"நான் ஜனங்களை வெளியேத்துறேன் அண்ணி!"

"ஜனங்க வெளியேறிட்டாங்க! நீதான் உள்ள இருக்க!"

அவன் விசில் ஊதிக்கொண்டு இன்னொரு வட்டம் போட்டு, வேண்டாவெறுப்பாகக் கரைக்கு வந்தான்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. வயலுக்கு மருந்து தெளிக்கிற விமானத்தின் காலில் இரண்டு தோணியைக் கட்டிவிட்டது போன்ற உருவம். மஞ்சள் நிறம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. முதலாவது அணைச்சுவருக்கு மேலாகத் தாழ்ந்து, தண்ணீரைத் தொடப்போகிற உயரத்துக்கு வந்தது. கரையில் நின்றவர்கள் வாய் பிளந்தார்கள். தோணியடிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓர் ஆள் உயரம்கூட இருக்காது. திடீரென்று இயந்திரம் அலறியது. விமானம் மூக்கை நிமிர்த்தி, தொடாமலே, பாதிப் பேர் தொப்பியைப் பறக்கவிட்டு மேலேறிப் போய்விட்டது. பின்னால் வந்ததும் அப்படியே.

கைபேசி அடித்தது.

"தோனா எர்மெலிண்டா, ஏரி நடுவுல வெள்ளையா என்னமோ நிக்குதுன்னு விமானம் ஓட்டுற பொண்ணு சொல்லுது. என்ன அது?"

எர்மெலிண்டா கண்ணை மூடிக்கொண்டாள். "மாதா."

"மாதான்னா?"

"மாதாதான் கமாண்டர். தெப்பத்துல நிக்கிறா."

"அந்த நேரான நீளம் மட்டும்தான் இருக்கு. வளைவுக்கு அந்தப் பக்கம் மின்கம்பி. விமானம் தண்ணியைத் தொட்டுக்கிட்டே ஓடி மொள்ளணும், நடுவுல ஒரு கட்டை இருந்தாலும் அவங்க கதை முடிஞ்சுது. மாதாவைக் கரைக்குக் கொண்டு வாங்க. அதுவரைக்கும் அவங்க மேலணைக்குப் போய்தான் மொள்ளணும். இங்க நாலு தடவை ஊத்துற நேரத்துல அங்கேருந்து ஒரு தடவைதான் வர முடியும்." குரலைத் தாழ்த்திச் சேர்த்தார்: "அபிலியோவோட லாரி மேல் தெருவுல நிக்குது. ஆள் நல்லாத்தான் இருக்கான். ஆனா சீக்கிரம் பண்ணுங்க."

அவள் கைபேசியைப் பைக்குள் திணித்துக்கொண்டு அதெரிட்டோவின் கையைப் பிடித்தாள். "பூட்டைத் திற. தெப்பத்தை இழுத்துக்கிட்டு வரணும்."

அதெரிட்டோ தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினான். "சாவி வீட்டுல இருக்கு."

"போய் எடுத்துட்டு வா."

"வீடு..." என்று கையைத் தூக்கி மலைச்சரிவைக் காட்டினான். ஊரின் மேல்கோடியில், சரியாகப் புகை இறங்கிவரும் திசையில், ரோஜா நிறத்தில் அவன் கட்டிய மாடிவீடு. வீட்டைச் சுற்றிச் சுவரை உரசிக்கொண்டு யூகலிப்டஸ் மரங்கள். அவற்றை வெட்டச் சொல்லி மார்ச் மாதம் அவள் நோட்டீஸ் ஒட்டினாள். "நிழலுக்கு வச்சது அண்ணி, பிரான்ஸ்ல மரத்தை வெட்டினா அபராதம் போடுவான்" என்று தொலைபேசியில் சிரித்தான். அந்த ரோட்டைத்தான் இப்போது போலீஸ் மறித்திருக்கிறது.

"சாவியைக் கூடவே வச்சிருக்க மாட்டியா?"

"தண்ணியில விழுந்துட்டா?"

அவனை அறைந்துவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கும் நேரம் ஆகும் என்பதால் விட்டுவிட்டாள். "சரி. சங்கிலியோட சேர்த்து இழு."

"நகராது. ரெண்டு கட்டியும் அடிமண்ணுல புதைஞ்சிருக்கு. பத்துப் படகு கட்டி இழுத்தாலும் அசையாது." இந்த நிலையிலும் அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"அப்ப கழட்டு. நீ மாட்டுனதை நீயே கழட்டு. ஏறு படகுல!"

மிதிபடகுக்காரனிடமிருந்து ஸ்பேனர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு அவளும் ஏறினாள். கரையிலிருந்து யாரோ, "சாமியாரக் கேக்காம மாதாவைத் தொடலாமா?" என்று கூவினார்கள். "சாமியாருக்குப் போன் போட்டுக் கேளுங்க! அவர் எடுத்தா எனக்கும் சொல்லுங்க!" என்று கத்திவிட்டு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தெப்பத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அதெரிட்டோவுக்கு ஒரு யோசனை வந்தது. அவனுக்கு யோசனை வரும்போதெல்லாம் புருவம் இரண்டும் ஏறும். அந்தப் புருவம் ஏறினால் ஏதாவது ஒன்று உடையும் என்பது எர்மெலிண்டாவின் அனுபவம்.

"அண்ணி, கழட்டறது பெரிய வேலை. பீப்பாயக் குத்திட்டா தெப்பம் முழுகிரும். முழுகிட்டா விமானத்துக்குத் தடை ஏது?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், தர்ப்பூசணி நறுக்க வைத்திருந்த கத்தியை எடுத்து மூலைப் பீப்பாயில் செருகிவிட்டான். புஸ்ஸென்று காற்றுப் போனது. தெப்பத்தின் ஒரு மூலை தாழ்ந்தது. மாதா மெல்ல மெல்ல அவர்கள் பக்கமாகச் சாய்ந்து, ஏதோ ரகசியம் சொல்ல வருகிறவளைப் போலக் குனிந்தாள்.

"பிடி! பிடிடா!"

இரண்டு பேரும் எட்டிப் பிடித்தார்கள். பத்து வயதுப் பெண் உயரம், ஒரே மரத்தில் குடைந்த சுரூபம், நல்ல கனம். படகு ஆட, தெப்பம் ஆட, மாதாவின் கிரீடம் எர்மெலிண்டாவின் தாடையில் இடித்தது. எப்படியோ மாதாவைப் படகுக்குள் இறக்கி எர்மெலிண்டாவின் மடியில் சாய்த்தார்கள். மலைக்கு மேலே விமான இரைச்சல். மஞ்சள் விமானம் ஏரியை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு மேலணைப் பக்கம் திரும்பிப் போனது.

"பாத்தியா? பாத்தியா? போகுது!" அவள் கத்தினாள். "அறிவு கெட்டவனே, பாதி முழுகின தெப்பம் முழுசா மிதக்கறதவிட மோசம்! மேலேருந்து பாத்தா கண்ணுக்குத் தெரியுமா? தெரியாம இறங்கினா அந்தப் பொண்ணு செத்துப் போகும்! இன்னொரு பீப்பாய தொட்ட, உன்னை அந்தச் சங்கிலியிலயே கட்டிப் போட்டுட்டுப் போயிருவேன்!"

"பொண்ணா? விமானம் ஓட்டுறது பொண்ணா?"

"ஸ்பேனர எடு!"

சங்கிலி பூட்டியிருந்த வளையத்தைத் தூலத்தோடு பிடித்திருந்த போல்ட்டுகளின் மரைகள் தெப்பத்தின் அடிப்பக்கத்தில் இருந்தன. யாரும் திருடிவிடக்கூடாது என்று அவனே அப்படி மாட்டியிருந்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, தொப்பையோடு தண்ணீரில் குதித்தான். பீப்பாய்களுக்கு நடுவே மூழ்கிப் போனான். எர்மெலிண்டா மாதாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நீர்க்குமிழிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தண்ணீரில் சாம்பல் விழத் தொடங்கியிருந்தது. கருகிய யூகலிப்டஸ் இலை ஒன்று, நரம்புகூடக் கலையாமல் முழு இலையாகவே, மாதாவின் காகிதப் பூமேல் வந்து உட்கார்ந்தது. அவள் அதை அவசரமாகத் தட்டிவிட்டாள்.

அவன் மேலே வந்தான். இருமினான். "ஒண்ணு ஆச்சு." மறுபடி உள்ளே போனான்.

கைபேசி அடித்தது. மாதாவின் கைக்கு அடியில் கையை நுழைத்து எடுத்தாள்.

"எவ்வளவு நேரமாகும்?" வால்டெமாரின் குரலுக்குப் பின்னால் தீயின் சத்தம் கேட்டது. ஓட்டுக்கூரைமேல் கனத்த மழை கொட்டுவது போல.

"கழட்டிக்கிட்டிருக்கான்."

"கீழ்ச்சரிவுல இறங்கிருச்சு. உங்க தேன்பெட்டிங்க இருக்கற இடம். மேலணையிலேருந்து வர்ற தண்ணி ரெண்டையும் காப்பாத்தப் போதாது. சரிவா, மேல் தெருவான்னு நான் இப்ப சொல்லணும்."

அவள் மலையைப் பார்த்தாள். அவள் தேனீ வளர்க்கும் அந்தப் பெட்டிகளுக்குக் காலையில்தான் தண்ணீர் வைத்துவிட்டு வந்தாள். மேல் தெருவில் வரிசையாக வீடுகள். நடக்க முடியாதவர்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னும் காரில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். தெருக்கோடியில் அந்த ரோஜா நிற வீடு.

"தெரு," என்றாள். "என்னைக் கேக்க வேணாம் கமாண்டர், தெருதான்."

அதெரிட்டோ கண் சிவந்து, உதடு நீலமாகி, மேலே வந்தான். கை விரலிலிருந்து ரத்தம் வழிந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனான். வந்தான். மறுபடி போனான். இவன் வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறபோது எவ்வளவு நன்றாகச் செய்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பும் எரிச்சலைத்தான் கூட்டியது. மார்ச்சில் ஒரு வாரம் ஊருக்கு வந்து இதே கையால் நாலு மரத்தை வெட்டியிருக்கலாம்.

கடைசியில் தெப்பத்துக்கு அடியில் ஏதோ உருவிக்கொண்டு போகும் சத்தம். சங்கிலி வளையத்தோடு சேர்ந்து தண்ணீருக்குள் இறங்கி மறைந்தது. தெப்பம் ஒரு பக்கம் தாழ்ந்தபடி மிதந்து விலகத் தொடங்கியது.

"வுவாலா!" என்று பிரெஞ்சில் வெற்றிக்கூச்சல் போட்டான் அதெரிட்டோ, தண்ணீரைத் துப்பிக்கொண்டே.

"வுவாலா இருக்கட்டும், ஏறு, இழு!"

கயிறு போட்டு இழுத்தார்கள். நொண்டித் தெப்பம் அங்கும் இங்கும் முரண்டு பிடித்து, ஒரு வழியாக நாணல் ஓரம் ஒதுங்கியது. கரையில் நின்றவர்கள் முட்டளவு தண்ணீரில் இறங்கி மாதாவை வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி அழுதாள். எர்மெலிண்டா அழவில்லை. கைபேசியில், "காலியாயிருச்சு. ஒண்ணும் இல்ல. சுத்தமா ஒண்ணும் இல்ல. வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

வந்தார்கள். மஞ்சள் விமானம் அணைச்சுவரைத் தாண்டித் தாழ்ந்தது. இந்த முறை நிமிரவில்லை. இரண்டு தோணியும் தண்ணீரைக் கீறின. வெள்ளை நுரை இரண்டு கோடாக எழுந்து, பின்னால் விசிறியாய் விரிந்தது. குடிக்கக் குடிக்க விமானம் கனத்து, பின்பாரம் ஏறிய மாட்டுவண்டி மேட்டில் திணறுவதுபோலத் திணறி, ஏரி முடிகிற இடத்தில், இனி முடியாது என்று எல்லோரும் நினைத்த நொடியில், தண்ணீரை உதறிவிட்டு எழும்பியது. பின்னாலேயே இரண்டாவது. திரும்பி மேல் தெருவுக்கு மேலே புகைக்குள் நுழைந்தார்கள். தண்ணீர் வெள்ளைத் திரையாய் விழுவது கரையிலிருந்தே தெரிந்தது. ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். அந்த ஆர்ப்பரிப்பு அடங்குவதற்குள் அடுத்த நடை வந்துவிட்டது.

பொழுது சாயும்வரை அப்படியே போனார்கள், வந்தார்கள். விமானம் நெருப்பை அடக்கிப் பிடித்தது. கீழே மண்வெட்டியும் குழாயுமாக அபிலியோவும் மற்றவர்களும் அதை அணைத்தார்கள். மேல் தெருவில் ஒரு கோழிக்கூண்டும் இரண்டு கார்களும் போயின. ஒரு வீடும் போகவில்லை. அதெரிட்டோவின் வீடுகூட, அத்தனை யூகலிப்டஸோடும், ஒரு பக்கச் சுவர் மட்டும் கறுத்து, அப்படியே நின்றது. அபிலியோ முகமெல்லாம் கரியாக வீட்டுக்கு வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டு, குவளை வருவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிப்போனான்.

மறுநாள் மதியத்துக்குள் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. கடைத்தெரு காப்பிக் கடையில் எர்மெலிண்டா தீயணைப்புப் படைக்காகப் பன்றி இறைச்சி வைத்த ரொட்டிகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது, மாதா தானாகவே தெப்பத்திலிருந்து அதெரிட்டோவின் கையில் சாய்ந்தாள் என்றும், அவள் கரையேறிய நொடியில்தான் விமானம் இறங்கியது என்றும் நாலு மேசையிலும் பேசிக்கொண்டார்கள். அதெரிட்டோ விரல்கட்டோடு நடு மேசையில் உட்கார்ந்திருந்தான்.

"சரியா என் வீட்டுச் சுவர் வரைக்கும் வந்து நின்னுச்சு பாருங்க. தீக்கும் தெரியும், யார் வீடுன்னு. அடுத்த வருஷம் இதவிடப் பெரிய தெப்பமாக் கட்டிரணும்."

எர்மெலிண்டா கையிலிருந்த ரொட்டியை நசுக்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வால்டெமார் உள்ளே வந்தார். கூடவே குட்டைமுடி, வெயிலில் காய்ந்த முகம், தூக்கமில்லாத கண்களோடு ஒரு பெண். ஸ்பெயின்காரி. பெயர் நூரியா. நேற்றைய விமானி.

கடையே எழுந்து நின்றது. அதெரிட்டோ முன்னால் போய் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "நான்தான் மாதாவைக் கரைக்குக் கொண்டுவந்தவன். மேலேருந்து பாத்திருப்பீங்க."

நூரியா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "வெள்ளைத் தொப்பி?"

"ஆமாம்!"

"மொதல்ல வட்டம் வட்டமா சுத்துனது?"

"ஆமாம், ஜனங்களை..."

"அப்புறம் கத்தியால எதையோ குத்துனது?" அவள் அலுப்போடுதான் பேசினாள். கோபம்கூட இல்லை. "அந்த மூலை முழுகுனதப் பாத்துட்டுதான் நான் மேலணைக்கே திரும்பிப் போனேன். அது கண்ணுக்குத் தெரியாம நான் இறங்கியிருந்தா, இப்ப இங்க காப்பி குடிக்க வந்திருக்க மாட்டேன். பக்கத்துல ஒரு அம்மா மாதாவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உங்களைத் திட்டிக்கிட்டிருந்தாங்க. சத்தம் கேக்கல. ஆனா என்ன திட்டுறாங்கன்னு மேலேருந்தே புரிஞ்சுது. அவங்க யாரு?"

எல்லோரும் எர்மெலிண்டாவைப் பார்த்தார்கள். அவள் நசுங்கிய ரொட்டியைப் பொட்டலத்துக்குள் ஒளித்தாள்.

"உங்க வீடு தப்பிச்சதா சொல்றாங்க," என்றாள் நூரியா அதெரிட்டோவிடம். "அந்த மரமெல்லாம் உங்களதா? அதுக்காகவே மூணு நடை ஊத்த வேண்டியதாயிருச்சு. வேற எங்கயாவது ஊத்தியிருக்கலாம்."

அதெரிட்டோ காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போனான்.

சற்று நேரத்தில் மேல்கோடியிலிருந்து மோட்டார் ரம்பம் அலறும் சத்தம் கேட்டது. வால்டெமார் எர்மெலிண்டாவைப் பார்த்தார். "இந்தக் காத்துல, இந்த வறட்சியில, ரம்பம் ஓட்டத் தடை இருக்குன்னு ஊராட்சி அறிவிப்பு உங்க கையெழுத்துலதான வந்துச்சு?"

அவள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள்.

மேடேறி மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது ஒரு மரம் விழுந்து கிடந்தது. இரண்டாவதில் ரம்பம் பாதி இறங்கியிருந்தது.

"நிறுத்துடா! ஒரு பொறி போதும், நேத்து தப்பிச்சதெல்லாம் இன்னிக்குப் போயிரும்! நிறுத்து!"

ரம்பம் அடங்கியது. "மார்ச்ல வெட்டலைன்னு திட்டுனீங்க. இப்ப வெட்டுறேன்னும் திட்டுறீங்க. நான் என்னதான் பண்ணித் தொலைக்கறது அண்ணி?"

"மார்ச்ல பண்ண வேண்டியதை மார்ச்ல பண்ணு!"

இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். கீழே சரிவு முழுக்கக் கறுப்பு. காற்று அங்கிருந்து மேலே வீசியபோது அதெரிட்டோ மூக்கைச் சுளித்தான்.

"என்ன வாசனை இது? கோயில்ல மெழுகுவத்தி அணைச்ச மாதிரி..."

அவன் சரிவை உற்றுப் பார்த்தான். கருகிய சதுரங்கள் வரிசையாகத் தெரிந்தன. இரும்புத் தகட்டு மூடிகள் மட்டும் சாம்பல்மேல் படுத்திருந்தன.

"உங்க தேன்பெட்டியா அது? எல்லாமா?"

"எல்லாம்."

"எப்பப் பிடிச்சது?"

"நீ தண்ணிக்குள்ள மரை கழட்டுனப்ப."

அவன் வெட்டிப்போட்ட மரத்தின்மேல் உட்கார்ந்தான். கட்டுப் போட்ட விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிரான்ஸில் இப்படி, பிரான்ஸில் அப்படி என்று ஒரு வார்த்தை வரவில்லை. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனை இப்படிப் பேச்சில்லாமல் பார்த்ததில்லை. அவன் வாதாடினாலாவது திட்டலாம். இது என்ன புது வம்பு?

அவள் சரிவில் இறங்கினாள். அவனும் பின்னாலேயே வந்தான். காலடியில் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. தகட்டு மூடி ஒன்றின் மேல் கொத்தாகக் கொஞ்சம் தேனீக்கள். மேய்ச்சலுக்குப் போய்த் தப்பியவை. வீடு இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றிப் பறந்து, உட்கார்ந்து, மறுபடி பறந்தன.

"இதுங்க பொழைக்குமா அண்ணி?"

"ராணி இல்லாம பொழைக்காது. அடுத்த ஊர்ல ஒருத்தன்கிட்ட பெட்டி இருக்கு, கேட்டுப் பாக்கணும். அதுவரைக்கும் பசிக்கும். சர்க்கரைத் தண்ணி வைக்கணும்."

"நான் கொண்டுவரேன்," என்று அவன் விறுவிறுவென்று மேடேறினான். பாதி தூரம் போயிருப்பான், அவனுடைய புருவம் ஏறியதைப் பின்னாலிருந்தே பார்த்தவள் போல எர்மெலிண்டா கையைத் தூக்கிக் கத்தினாள்.

"அதெரிட்டோ! வெளிய அடுப்புப் பத்தவச்சுக் காய்ச்சிக் கீய்ச்சி வைக்காத! பச்சத் தண்ணியிலயே கரைச்சு எடுத்துட்டு வா!"